அத்தாவோடு பட்டணத்தில் பதினொரு நாள்: எங்கே உண்பது, எங்கே பருகுவது?



2024 ஜனவரியில் எங்கள் அத்தாவை இருதயப் பரிசோதனைக்காகச் சென்னைக்கு அழைத்துச் சென்றோம். நாங்கள் என்பது அக்கா, தம்பி ஆகிய எங்கள் இருவரையும் குறிக்கும். உடன் அம்மாவும் வந்தார்கள். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். அதைப் பற்றி எழுத இங்கே அதிகம் இல்லை. அந்தப் பதினொரு நாளில் நாங்கள் உண்டதையும் பருகியதையும், உண்ணாமல் விட்டதையும் பருகாமல் விட்டதையும் பற்றியே எழுத நினைக்கிறோம். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துக்கொண்டு பட்டணம் செல்லும் குடும்பங்கள் நம்மில் பல. எங்களுக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேராமல் இருந்தால் போதும்.

முதலில் அத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களுடைய ஊர் போடிநாயக்கனூர். போடிமெட்டுக்கு அப்பால், பூப்பாறைப் பக்கம் எங்களுக்குச் சிறிய ஏலத்தோட்டம் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அத்தா அதிகாலையில் ஜீப் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மலைக்குச் சென்று, அந்தி சாய்ந்து திரும்புவார்கள். ஏலக்காயைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அது 7 மில்லிமீட்டரா, 8 மில்லிமீட்டரா, சரியாகக் காய்ந்ததா, நிறம் ஏற்றியதா என்று சொல்லிவிடுவார்கள். வெளியே உண்ணும் உணவிலும் அவர்களுக்கு அதே கண்டிப்பு. போடிமெட்டில் சோதனைச்சாவடியை ஒட்டிய தேநீர்க் கடையில் ஒரு தேநீர் மட்டும். மதியத்துக்கு அம்மா கட்டிக்கொடுத்த தூக்குவாளிச் சோறு. எல்லைக்கு அந்தப் பக்கம் கள்ளுக்கடைக் கறிக்குப் பேர்போன ஊர்கள் பல இருக்க, அந்தக் கறியின் மணம் வரும் இடங்களில் ஜீப்பின் வேகம் கூடும் என்று ஓட்டுநர்கள் கேலி செய்வது உண்டு. அத்தாவுக்கு அதில் வருத்தம் இல்லை. எந்தக் கையிலிருந்து வந்தது என்று தெரியாத இறைச்சியைத் தொடுவதில்லை என்பது அவர்களுடைய வாழ்நாள் பேணுதல்.

இப்படிப்பட்டவரைத்தான் சென்னைக்கு அழைத்துச் செல்கிறோம். வயது 71. சர்க்கரை நோய் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறது.

ரயிலில் சென்றோம். 1928இல் தொடங்கிய மதுரை - போடி மீட்டர்கேஜ் பாதை 2010 இறுதியில் அகலப்படுத்துவதற்காக மூடப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுக்கும் மேலான காத்திருப்புக்குப் பின் 2023 ஜூன் மாதம்தான் எங்கள் ஊருக்கு மீண்டும் ரயில் வந்தது. வாரத்தில் மூன்று நாள் இரவில் போடியில் ஏறினால் காலையில் சென்னை சென்ட்ரல். அம்மா புளிச்சோறும் அவித்த முட்டையும் துவையலும் கட்டிக்கொண்டார்கள். அளவைப் பார்த்தால் ரயில் பெட்டியில் இருந்த அனைவருக்கும் போதும். அந்தச் சோறுதான் அன்றிரவும் மறுநாள் மதியமும் எங்களைக் காத்தது. புளிச்சோறு ஒன்றரை நாள் தாங்கும். ஆனால் பதினொரு நாள் தாங்காது.

தவறு இரண்டாம் நாள் நேர்ந்தது. காலை ஏழு மணிக்கு அறையில் இரண்டு இட்டிலி, பிறகு வழக்கமான சர்க்கரை மாத்திரை. ஒவ்வொரு பரிசோதனையாக முடிந்து மருத்துவமனையை விட்டு வெளியே வரும்போது மணி ஒன்றரை. கீழ்த்தளத்து உணவகத்தில் சாம்பார் சோறும் தயிர்ச்சோறும் சூடாக இருந்தன. எதிரே, சாலையைக் கடந்தால் சைவ உணவகம் ஒன்று. அத்தா தயிர்ச்சோற்றைப் பார்த்து, "இதுவே போதுமே" என்றார்கள். நாங்கள் கேட்கவில்லை. இரண்டு நாளாகப் புளிச்சோறும் இட்டிலியுமாக இருக்கிறார்கள், உடம்பு தளர்ந்திருக்கிறது, நல்ல ஆட்டுக்கறிச் சோறாக வாங்கிக் கொடுப்போம் என்று ஆட்டோவில் ஏற்றினோம். யாரோ சொல்லிக் கேட்டிருந்த கடை அந்தத் தெருவில் இல்லை. அடுத்த கடையில் பலகையில் ஹலால் என்ற எழுத்து இல்லை. அதற்கடுத்த கடையில் எழுத்து இருந்தது, ஆனால் கல்லாவில் இருந்தவரின் விடை எங்களுக்கு நிறைவாக இல்லை. வாசலில் நின்று நாங்கள் இருவரும் தணிந்த குரலில் வாதிட்டுக்கொண்டிருந்தோம். மணி இரண்டரை இருக்கும். ஆட்டோவிலிருந்து அம்மா அலறும் குரல் கேட்டது.

அத்தாவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. கேட்டதற்கு விடை சொல்லவில்லை. எங்களைப் பார்த்தார்கள், ஆனால் யார் என்று அறிந்ததாகத் தெரியவில்லை. நாங்கள் திகைத்து நிற்க, நெற்றியில் விபூதி பூசிய அந்த ஆட்டோக்காரர் ஓடிப்போய்ச் சாலையோரக் கடையில் தேநீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கி, ஆற்றிக் கொண்டுவந்தார். "பாய், முதல்ல இதைக் குடிங்க. மத்ததெல்லாம் அப்புறம்" என்று அவரே தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தார். பத்து நிமிடத்தில் அத்தாவின் கண்ணில் தெளிவு வந்தது. அவர் தம் வீட்டிலும் ஒரு சர்க்கரை நோயாளி இருப்பதாகச் சொன்னார். வண்டி நின்ற நேரத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அன்று அந்தக் கண்ணாடித் தம்ளர் எப்படிக் கழுவப்பட்டது என்று அத்தா கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இரவு, மருத்துவர் எங்களைக் கடிந்துகொண்டதை எழுத வேண்டியதில்லை. மாத்திரை போட்டால் வேளைக்கு உண்டாக வேண்டும். நடுக்கம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி அளவு சர்க்கரை, பிறகு கால் மணி நேரம் கழித்துப் பார்த்து மறுபடி. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இவை சிறிய பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. எங்களைக் குத்தியது வேறொன்று. அத்தா போதும் என்று சொன்ன தயிர்ச்சோறு ஹலால். எதிர்க்கடைச் சாம்பார் சோறு ஹலால். சாலையோரத் தேநீரும் ஹலால். தடுக்கப்பட்டதிலிருந்து தப்பிக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு, அனுமதிக்கப்பட்ட மூன்றை ஒதுக்கிவிட்டு, எங்கள் ஆசைப்பட்ட கறிச்சோற்றுக்காக ஒரு முதியவரைப் பட்டினி போட்டிருக்கிறோம். அதற்கு நாங்கள் இட்டிருந்த பெயர் பேணுதல்.

மறுநாள் முதல் ஒரு முடிவோடு இருந்தோம். மதியம் ஒரு மணி ஆனதும் எங்கே நிற்கிறோமோ அதன் அருகிலுள்ள சைவக் கடையில் அத்தா உண்டாக வேண்டும். இறைச்சி என்பது இரவில், நேரம் இருக்கும்போது, கேட்டு அறிந்த இடத்தில். இந்த ஒரு மாற்றம் எங்கள் பாரத்தில் பாதியை இறக்கி வைத்தது.

மருத்துவமனைக்கு அருகே எடுத்த அறையை விட்டுத் திருவல்லிக்கேணிக்கு மாறினோம். அங்கே தங்கும் விடுதிகள் மலிவு. பள்ளிவாசல்கள் நடந்து செல்லும் தொலைவில். சைவமும் அசைவமும் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். காலை வேளைகளில் ரத்னா கஃபே. 1948 முதல் இருக்கும் கடை. அங்கே இட்டிலியைச் சாம்பாரில் தொட்டு உண்பதில்லை, சாம்பாரில் இட்டிலியை மிதக்க விட்டு உண்கிறார்கள். வாளியோடு வந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அம்மா முதல் நாள் முகம் சுளித்தார்கள். மூன்றாம் நாள் அவர்களே பரிமாறுபவரைக் கைகாட்டி அழைத்தார்கள்.

கையில் பணம் குறைந்தவர்களுக்கு ஒரு சொல். 2013இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்கள் அரசு மருத்துவமனை வளாகங்களிலும் இருக்கின்றன. ஓர் இட்டிலி ஒரு ரூபாய், சாம்பார் சோறு ஐந்து ரூபாய், தயிர்ச்சோறு மூன்று ரூபாய் என்று தொடங்கியவை. முழுவதும் சைவம். அங்கே வரிசையில் நிற்பதை இழிவாக எண்ணுவோர் நம்மில் இருக்கிறார்கள். நோயாளியோடு மாதக்கணக்கில் தங்குவோருக்கு அது எத்தனை பெரிய உதவி என்பது வரிசையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

இனி இறைச்சியைப் பற்றி. கடைக்குள் நுழைந்து "இங்கே ஹலாலா?" என்று கேட்டால் எவரும் ஆம் என்றே சொல்வார்கள். அந்தக் கேள்வியால் பயன் இல்லை. "கறி எந்தக் கடையில் எடுக்கிறீர்கள்?" என்று கேட்கவேண்டும். உண்மையில் அறிந்து வாங்குபவர் தயங்காமல் கடையையும் தெருவையும் சொல்வார். சிலர் கடைக்காரரின் பெயரையே சொல்வார்கள். தயங்குபவரிடம் நாம் சண்டை போட வேண்டாம், ஒரு முட்டைத் தோசை உண்டு எழுந்துவிடலாம். நம் பக்கத்து ஊர்களில் ஆட்டுக்கறியில் ஐயம் குறைவு. அறுப்பவர் பெரும்பாலும் நம்மவராகவே இருப்பார். கவனிக்க வேண்டியது கோழி. அதுவும் பதப்படுத்தி, உறைய வைத்து, பொட்டலமாக வந்த கோழி எங்கே அறுக்கப்பட்டது என்று பொரித்துக் கொடுக்கும் கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். பொட்டலத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் குற்றம் இல்லை.

இதைவிட எளிய வழி ஒன்றைத் திருவல்லிக்கேணியில் கற்றோம். தொழுகை முடிந்தபின் மோதினாரிடம் சலாம் சொல்லி, "இமாம் அவர்கள் எந்தக் கடையில் சாப்பிடுவார்கள்?" என்று கேட்பது. நல்ல கடை எது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். இமாம் உண்ணும் கடை எது என்றால் விடை ஒன்றுதான். பெரும்பாலும் அது பலகைகூட இல்லாத சின்ன மெஸ்ஸாக இருக்கும், விலையும் நம் கைக்கு அடங்கும்.

புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்கள் கொண்டுவரும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதா என்று தெரியவில்லையே எனச் சிலர் ஐயம் எழுப்பியபோது, பெயர் கூறி உண்ணும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியில் வந்திருக்கிறது. அத்தா இதை அறியாதவர்கள் அல்லர். முஸ்லிமின் கடையில் அளவுக்கு மீறித் துருவுவதைத் தடுக்கும் செய்தி இது. இதையே காட்டி எந்தக் கடையிலும் எதையும் உண்ணலாம் என்று வளைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சறுக்கல் உண்டு. ஐயமுள்ளோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்வார்களாக.

அண்ணா சாலையில் உள்ள புகாரி உணவகத்துக்கு ஓர் இரவு சென்றோம். 1951இல் ஏ.எம். புகாரி அவர்கள் தொடங்கியது. சிக்கன் 65 என்று நாடெங்கும் விற்கும் பண்டம் 1965இல் தங்களிடம்தான் அறிமுகமானது என்பது அவ்வுணவகத்தார் சொல்லிவரும் வரலாறு. அத்தா இளைஞராக ஏலக்காய் வியாபாரத்துக்குச் சென்னை வந்தபோது ஒருமுறை அங்கே உண்டதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மருத்துவர் அனுமதித்தது ஒரு கரண்டிச் சோறும் இரண்டு துண்டும். அதை அரைமணி நேரம் உண்டார்கள். பக்கத்து மேசையில் ஒரு பிள்ளை பிறந்தநாள் கொண்டாடியது. அத்தா அந்தப் பிள்ளைக்காக துஆ செய்தார்கள்.

மீனுக்கு அறுப்பு இல்லை என்பதால் பயணத்தில் மீன் நமக்கு நல்ல துணை. சேப்பாக்கத்தில் நாயர் மெஸ் என்று ஒன்று இருக்கிறது. குறுகிய தெரு, மதிய வேளையில் காத்திருக்கும் கூட்டம், வாழையிலைச் சோறு, தட்டில் கொண்டுவந்து காட்டும் பொரித்த மீன்கள். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் எழுந்தது. தட்டில் இறாலும் இருந்தது. நாங்கள் இராவுத்தர்கள், ஹனஃபி வழி. கடலில் மீன் தவிர்த்த மற்றவற்றை நம் இமாம்கள் அனுமதிப்பதில்லை. இறால் மீன் வகையா இல்லையா என்பதில் ஹனஃபி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கீழக்கரை, காயல்பட்டினச் சகோதரர்கள் ஷாஃபி வழியினர். அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அம்மாவுக்கு இறால் மீது கொள்ளை ஆசை. அத்தா தொடமாட்டார்கள். நாற்பத்தைந்து ஆண்டு இல்லறத்தில் தீராத இந்த வழக்கு நாயர் மெஸ்ஸிலும் தீரவில்லை. இறுதியில் வஞ்சிரத் துண்டோடு சமாதானம் ஆனது. மீன் உண்பவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது: கோழி பொரித்த எண்ணெயிலேயே மீனையும் பொரிக்கிறார்களா என்பதை. பல கடைகளில் ஒரே சட்டிதான்.

மதுக்கூடம் இணைந்த உணவகங்களின் குடும்ப அறை என்று ஒன்றைப் பெரிய விடுதிகளில் காட்டுவார்கள். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்ற நபிமொழியை அறிந்தவர்களுக்கு அதைப் பற்றி நாங்கள் எழுதத் தேவையில்லை.

இனி, நாங்கள் எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறோம். எங்களுள் அக்கா இதை எழுதியே ஆகவேண்டும் என்றார். தம்பி முதலில் மறுத்து, பிறகு இணங்கினார்.

எங்கள் கவனமெல்லாம் அத்தாவின் தட்டில் இருந்தது. அம்மாவின் தம்ளரை எவரும் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் இரவு அம்மா படுக்கவில்லை. எழுவதும் அமர்வதுமாக இருந்தார்கள். அக்கா வற்புறுத்திக் கேட்டபின் காதோடு சொன்னார்கள்: நீர்க்கடுப்பு, மூன்று நாளாக. மகன் அறையில் இருக்கிறான் என்று வாய் திறக்கவில்லை. காரணம் கேட்டபோதுதான் தெரிந்தது. காலை எட்டு மணிக்கு அறையை விட்டுக் கிளம்பினால் இரவு திரும்பும்வரை அம்மா தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். எங்கே இருக்கிறது என்று யாரிடம் கேட்பது, இருந்தாலும் தண்ணீர் இருக்குமா, உளூ செய்ய இடம் இருக்குமா, ஆடை சுத்தமாக இருந்தால்தானே தொழ முடியும். இத்தனை கணக்கையும் போட்டுப் பார்த்து, குடிக்காமல் இருப்பதே எளிது என்று முடிவு செய்திருக்கிறார்கள். இதைத் தோட்ட வேலைக்கு மலை ஏறும் எங்கள் ஊர்ப் பெண்களிடமும் பார்த்திருக்கிறோம். விடியலில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறும் அவர்கள், வளைவுகள் முடியும்வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை. பழக்கம் என்று நினைத்திருந்தோம்.

மறுநாள் அம்மாவுக்கும் மருத்துவரைப் பார்த்து மருந்து வாங்கினோம். பார்லிக் கஞ்சி, இளநீர், மோர். ஆவின் பாலகங்களில் மோர்ப் பாக்கெட் எளிதாகக் கிடைத்தது. அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் அமருமுன் அக்கா கேட்கும் முதல் கேள்வி, பெண்களுக்கான கழிப்பறை எங்கே என்பதுதான். முதல் இரண்டு இடங்களில் குரல் தணிந்திருந்தது. பிறகு விலை கேட்பதுபோல் இயல்பாகிவிட்டது. இல்லை என்று சொன்ன கடையில் நாங்கள் அமரவில்லை. மெட்ரோ நிலையங்களில் கழிப்பறை உண்டு என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். அண்ணா சாலையில் அரசினர் தோட்டம் நிலையம் எங்கள் அறைக்கு அருகில் இருந்தது. அம்மா வெளியே செல்லும் நாள்களில் எந்த நிலையத்தில் இறங்குவது என்பதைப் பயணத்தின் வசதிக்காக மட்டும் நாங்கள் முடிவு செய்யவில்லை.

பள்ளிவாசல்களைப் பற்றியும் உள்ளத்தில் உள்ளதைச் சொல்கிறோம். லுஹர் நேரத்தில் அத்தாவும் தம்பியும் குளிர்ந்த தண்ணீரில் உளூ செய்து, விசிறிக்குக் கீழே தொழுது, சற்றுக் கண்ணயர்ந்தும் வருவார்கள். பெண்களுக்கு இடம் உள்ள பள்ளிகள் நகரில் இருக்கின்றன. ஆனால் எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. இடம் இல்லாத பள்ளியின் வாசலில் அம்மாவும் அக்காவும் செருப்புகளுக்குக் காவலாக வெயிலில் நின்ற நாள்கள் உண்டு. ஒரு பள்ளியில் நிர்வாகி ஒருவர் இதைக் கவனித்து, மதரஸா வகுப்பறையைத் திறந்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரும் வைத்துவிட்டுச் சென்றார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. வழிப்போக்கருக்கு ஸக்காத்திலேயே பங்கு வைத்திருக்கும் மார்க்கம் இது. ஒரு கதவும் ஒரு குழாயும் நம் ஜமாஅத்துகளால் இயலாதவை அல்ல.

பட்டணத்தின் தண்ணீர் அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை. எங்கும் 20 லிட்டர் கேன் தண்ணீர். "இதுல மண்ணும் இல்ல, மலையும் இல்ல" என்பார்கள். தேநீரில் அத்தாவின் முறையீடு வேறு. ஏலக்காய்த் தேநீர் என்று எழுதிப்போட்ட கடையில் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இது காய் இல்ல, எசன்ஸு" என்றார்கள். சட்டைப்பையிலிருந்து இரண்டு காயை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்து நசுக்கிப் போடச் சொன்னார்கள். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, கிலோ என்ன விலை என்று கேட்டார். பேச்சு வளர்ந்து, நாங்கள் அன்று மருத்துவமனைக்குத் தாமதமாகப் போனோம். இத்தனைக்கும் ஏலத்தோட்டக்காரர் வீடுகளில் தேநீரில் ஏலக்காய் போடுவது விருந்தாளி வந்தால்தான்.

மறுபரிசோதனை மார்ச் மாத இறுதியில், ரமளானில் வந்தது. அத்தாவுக்கு நோன்பு கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஃபித்யா கொடுத்துவிட்டோம் என்றாலும், வாழ்நாளில் நோன்பு விட்டிராத அவர்களுக்கு அது ஆறாத வருத்தம். பகலில் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா கொடுக்கும் கஞ்சியைத் தலை குனிந்தபடியே குடிப்பார்கள். நாங்கள் மூவரும் நோன்பாளிகள் என்பதால் அந்த நேரம் அத்தாவின் எதிரே இருக்கமாட்டோம். வேலை இருப்பதுபோல் வெளியே போய்விடுவோம். மாத்திரைக்கு வேளைக்கு உணவு என்ற எங்கள் முடிவு ரமளானிலும் மாறவில்லை.

திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் 1795இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா குடும்பத்தாரால் கட்டப்பட்டது. அங்கே ரமளானில் நோன்பு திறக்க வருவோருக்கு உணவு பரிமாறுபவர்களில் மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த தொண்டர்கள் இருக்கிறார்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் அவர்கள் தொடங்கிவைத்த தொண்டு. பல பத்தாண்டுகளாக நடக்கிறது. தொண்டர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். முழுவதும் சைவ உணவாகத் தங்கள் இடத்தில் சமைத்து, பள்ளிக்குக் கொண்டுவந்து, தலையில் தொப்பி அணிந்து, வரிசையாகப் பரிமாறுகிறார்கள்.

தம்பி அத்தாவை அங்கே அழைத்துச் சென்றார். அத்தா முற்றத்துக்கு வர மறுத்து, தூணருகே ஒதுங்கி நின்றார்கள். "நோன்பில்லாதவன் நோன்பாளி சஹனில் உட்காரலாமா?" என்றார்கள். பாங்கு சொல்லச் சில நிமிடங்களே இருந்தன. தட்டுகளைச் சுமந்துவந்த ஒரு தொண்டர், ஏறக்குறைய அத்தாவின் வயதுடையவர், நின்று பார்த்தார். தம்பி அவரிடம் அத்தாவின் உடல்நிலையைச் சொன்னார். அவர் எதுவும் கேட்கவில்லை. வரிசையின் ஓரத்தில் ஒரு தட்டை வைத்து, பேரீச்சம்பழத்தை எடுத்து அருகே தள்ளி வைத்துவிட்டு, "இது சர்க்கரை ஏத்தும். மத்தது சாப்பிடலாம்" என்று அத்தாவின் கையைப் பிடித்து அமர வைத்தார். அத்தா அமர்ந்தார்கள். யார் சமைத்தது, எந்தப் பாத்திரம் என்று ஒரு சொல் இல்லை. பாங்கு ஒலித்ததும் எல்லோரோடும் பிஸ்மில்லாஹ் சொல்லித் தண்ணீரை எடுத்தார்கள். கஞ்சியை முழுவதும் குடித்தார்கள். மஃரிப் தொழுகைக்கு எழும்போது அந்த முதியவரைத் தேடினார்கள். அவர் அடுத்த வரிசையில் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கும் அக்காவுக்கும் தூக்குவாளியில் கஞ்சி வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினோம்.

அடுத்த பரிசோதனைக்கு இன்ஷா அல்லாஹ் ஜூலையில் போகவேண்டும். அம்மா புளிக்காய்ச்சலுக்கு இப்போதே கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள். "ரயிலுக்கு மட்டும் கட்டு, போதும்" என்கிறார்கள் அத்தா. அக்கா அம்மாவுக்கென்று தனியாக ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கி, பெரிய எழுத்தில் பெயர் எழுதி வைத்திருக்கிறார். நடுப்பகலுக்குள் அது ஒருமுறை காலியாகி நிரம்ப வேண்டும் என்பது உத்தரவு.

துஆச் செய்யுங்கள்.